கதர்ச் சட்டை, கட்சி பேட்ஜ், தலைவர் மோதிரம்: பழைய அரசியல் உடைகளும் நகைகளும் சேர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

தேசிய இயக்கத்தின் அடையாளமோ கட்சிச் சின்னமோ பதிந்த பழைய உடைகளையும் நகைகளையும் சேர்க்க விரும்புகிறவர்களுக்காக எழுதியது இது. தமிழ்நாட்டு வீடுகளிலும் கடைகளிலும் கிடைக்கக்கூடிய பொருட்களைத்தான் முக்கியமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏறக்குறைய 1905 சுதேசி இயக்கத்தில் தொடங்கி 1989 சட்டமன்றத் தேர்தல் வரைக்குமான காலம்.

இந்தச் சேகரிப்பில் என்னவெல்லாம் அடங்கும்?

உடம்பில் அணிந்து, அதன் மூலம் ‘நான் இந்தப் பக்கம்’ என்று ஒருவர் ஊருக்குச் சொன்ன எல்லாமே. கதர் ஜிப்பா, காந்தி குல்லாய், தொண்டர் படையின் சட்டை, கைப்பட்டை, தோளில் குறுக்காகப் போட்ட பட்டை, மாநாட்டுப் பிரதிநிதிகள் குத்திக்கொண்ட ரிப்பன் பேட்ஜ், கட்சிக் கரை வேட்டி, துண்டு, தலைவர் படம் வைத்த மோதிரம், டாலர், கஃப் பொத்தான், டை பின், சேலை பின். கரையில் வாசகம் நெய்த வேட்டி, சேலையும் உண்டு. 1908-ல் குதிராம் போஸ் தூக்கிலிடப்பட்ட பிறகு, கரையில் அவர் பெயரை நெய்த வேட்டிகளை வங்காளத்து இளைஞர்கள் உடுத்திக்கொண்டு நடந்தார்கள். தறியில் நெய்த அரசியலுக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சுவரொட்டி, துண்டறிக்கை, அஞ்சல் தலை எல்லாம் தனித் துறை. அவற்றையும் சேர்த்து இழுத்துப் போட்டுக்கொண்டால் எதுவுமே உருப்படியாகச் சேராது.

எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் வீட்டுப் பரணிலிருந்து. அப்புறம் பெரியப்பா வீடு, அம்மாச்சி வீட்டு டிரங்குப் பெட்டி. கடைக்குப் போவதெல்லாம் பிறகு. வீட்டில் கிடைக்கும் கதர்த் துண்டுக்கு, அதை யார் போட்டுக்கொண்டார், எந்தப் போராட்டத்துக்குப் போனார், எந்தச் சிறையில் இருந்தார் என்று சொல்ல ஓர் ஆள் உயிரோடு இருப்பார். கடையில் கிடைக்கும் துண்டுக்கு அது இருக்காது. 1947-ல் இருபது வயதாக இருந்தவர்களில் நம்மோடு இருப்பவர்கள் மிகச் சிலர். அவர்கள் பிள்ளைகளுக்கே இப்போது எழுபது எண்பது வயது. பொருளைத் தேடி அலைவதற்கு முன்னால் இவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். செல்போனில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வெளியே தேடுவதென்றால் காரைக்குடியின் பழம்பொருள் கடைகள், கொச்சி மட்டாஞ்சேரி, மும்பை சோர் பஜார் ஆகியவை தெரிந்த இடங்கள். சென்னையில் மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போனபிறகு அந்த மாதிரி ஓரிடம் அமையவில்லை. நாணயக் கண்காட்சிகளில் பேட்ஜும் பதக்கமும் வரும். பழைய பாத்திரக் கடை, நகை அடகுக் கடை, பழைய இரும்புக் கடை ஆகியவற்றில் சொல்லி வைத்தால் ‘தலைவர் படம் போட்ட மோதிரம் வந்திருக்கு, வர்றீங்களா’ என்று கூப்பிடுவார்கள். உருக்குவதற்கு முன் கூப்பிடச் சொல்லி வைப்பதுதான் முக்கியம்.

ஒரு கதர்த் துணி சுதந்திரத்துக்கு முந்தையதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே ஒரு சோதனையை வைத்துச் சொல்ல முடியாது. நாலைந்து தடயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நூல். கையால் நூற்ற நூல் ஒரே தடிமனில் இருக்காது. வெளிச்சத்துக்கு நேரே துணியைப் பிடித்தால் சில இழைகள் தடித்தும் சில மெலிந்தும், அங்கங்கே சிறு முடிச்சு போலத் திரண்டும் தெரியும். பாவு (நீளவாட்டு இழை), ஊடை (குறுக்கு இழை) இரண்டிலும் அப்படி இருக்க வேண்டும். பாவு மட்டும் சீராக இருந்தால் பாவுக்கு மில் நூல் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்திலேயே ‘கதர்’ என்ற பெயரில் அப்படி விற்றவர்கள் உண்டு. அதைத் தடுக்கத்தான் 1925-ல் தொடங்கிய அகில இந்திய நூற்போர் சங்கம் கடைகளுக்குச் சான்று கொடுக்க ஆரம்பித்தது.

இரண்டாவது தையல் நூல். துணி பழையதாக இருந்து, தைத்த நூல் பாலியெஸ்டராக இருந்தால் அந்தச் சட்டை பிற்காலத்தில் தைத்தது, அல்லது பழுது பார்த்தது. உள் மடிப்பிலிருந்து ஓர் இழையை எடுத்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, கெட்டியான கறுப்பு மணியாகும். துணியிலேயே பாலியெஸ்டர் கலந்திருந்தால் பேச்சே இல்லை, அது சுதந்திரத்துக்குப் பல ஆண்டு பிந்தையது.

மூன்றாவது, கள்ளநோட்டு பார்க்கும் யூவி டார்ச். இருட்டில் அடித்தால் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிரும் துணியில் நவீன வெளுப்பூட்டிகள் இருக்கின்றன. ஆனால் பழைய துணியைப் பிற்காலத்தில் சோப்புப் பொடி போட்டுத் துவைத்திருந்தாலும் ஒளிரும். அதனால் ஒளிர்வதை மட்டும் வைத்து ஒன்றைப் புதியது என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒளிராமல் மங்கலாக இருப்பது ஒரு நல்ல அறிகுறி, அவ்வளவுதான்.

நான்காவது முத்திரை. துணியின் ஓரத்தில் சர்வோதய சங்கம், கதர் வாரியம் என்று முத்திரை இருந்தால் அது சுதந்திரத்துக்குப் பின் வந்த துணி. கதர் கிராமத் தொழில் ஆணையமே 1957-ல் வந்ததுதான். முத்திரையே இல்லாத துணியைப் பற்றி அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தைக்கும்போது முத்திரைப் பகுதியை வெட்டியிருப்பார்கள்.

இவை எல்லாவற்றையும்விட வலுவான ஆதாரம், அந்த உடையோடு அந்த மனிதர் நிற்கும் புகைப்படம். வீட்டில் பழைய ஆல்பத்தைத் தேடச் சொல்லுங்கள். இடமும் கவனிக்க வேண்டிய விஷயம். 1920-களில் திருப்பூர்தான் இந்தியாவின் முக்கியமான கதர் மையங்களில் ஒன்று. அந்த வட்டாரக் குடும்பங்களில் கதர்த் துணியும் ராட்டையும் இருப்பது இயல்பு.

ராட்டை போட்ட மூவர்ணக் கொடி இருந்தால் அது 1947-க்கு முந்தையது என்று உறுதியாகச் சொல்லலாமா?

சொல்ல முடியாது. நிறைய விற்பனையாளர்கள் இதைச் சொல்லித்தான் விலை ஏற்றுகிறார்கள்.

கொடியின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் ஏமாற மாட்டீர்கள். 1917-ல் அன்னி பெசன்ட், திலகரின் ஹோம் ரூல் இயக்கக் கொடியில் ஐந்து சிவப்புப் பட்டைகளும் நான்கு பச்சைப் பட்டைகளும் மாறி மாறி வரும். மூலையில் பிரிட்டிஷ் கொடி, கூடவே ஏழு நட்சத்திரங்கள். அந்த வருடம் பெசன்ட் அம்மையாரை உதகமண்டலத்தில் காவலில் வைத்தபோது சிவப்பு பச்சை இரண்டும் எதிர்ப்பின் நிறங்களாகவே ஆகிவிட்டன. 1921-ல் விஜயவாடாவில் பிங்கலி வெங்கையா காந்தியிடம் கொடுத்த வடிவத்தை ஒட்டி வந்த கொடியில் மேலே வெள்ளை, நடுவே பச்சை, கீழே சிவப்பு, மூன்று பட்டைகளையும் தொட்டுக்கொண்டு பெரிய ராட்டை. 1931-ல் காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது காவி, வெள்ளை, பச்சை, நடுவில் ராட்டை. 1947 ஜூலை 22-ல் அரசியல் நிர்ணய சபை ராட்டைக்குப் பதில் 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரத்தை வைத்தது.

இதில் சிக்கல் எங்கே வருகிறதென்றால், 1947-க்குப் பிறகும் காங்கிரஸ் கட்சி தன் கொடியில் ராட்டையைத் தொடர்ந்து வைத்திருந்தது. 1960-களின் தேர்தல் பேட்ஜிலும் காவி, வெள்ளை, பச்சை, ராட்டை இருக்கும். ஆகவே காவி, வெள்ளை, பச்சையில் ராட்டை இருந்தால் ‘1931 அல்லது அதற்குப் பின்’ என்றுதான் சொல்லலாம். வெள்ளை, பச்சை, சிவப்பு வரிசையில் இருந்தால்தான் 1921-31 என்று நம்பிக்கையோடு பேச முடியும். அது கிடைப்பது மிக அரிது. கிடைத்தால் சாயம் மங்கிச் சிவப்பு காவியாகத் தெரிகிறதா என்பதையும் உள் மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். வெயில் படாத இடத்தில் அசல் நிறம் இருக்கும்.

கொடி பொறித்த பொருட்களைத் தமிழ்நாட்டில் கையில் எடுக்கும்போது எனக்கு 1932 ஜனவரிதான் நினைவுக்கு வரும். 10-ஆம் தேதி திருப்பூரில் கொடி பிடித்து ஊர்வலம் போன குமரன் தடியடி பட்டு மறுநாள் இறந்தார். 26-ஆம் தேதி ஆர்யா என்ற பாஷ்யம் சென்னை ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவர்ணத்தைக் கட்டினார். சட்டையில் அந்தக் கொடியைக் குத்திக்கொண்டு தெருவில் நடப்பதற்கே அன்று துணிச்சல் வேண்டியிருந்தது.

கட்சி பேட்ஜ்களின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

தேர்தல் சின்னங்கள் இதற்குப் பெரிய உதவி. சின்னம் வைத்து ஓட்டுப் போடும் முறை 1951-52 பொதுத்தேர்தலில் வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு பிளவுக்கும் ஒரு சின்னம் பிறந்திருக்கிறது.

காங்கிரசுக்கு முதலில் நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. 1969-ல் கட்சி உடைந்ததும் அது முடங்கியது. இந்திரா காந்தி பக்கம் பசுவும் கன்றும். காமராஜர் இருந்த பழைய காங்கிரசுக்கு ராட்டை நூற்கும் பெண். 1978-ல் இந்திரா காங்கிரசுக்குக் கை. ஆக, காமராஜர் படத்தோடு காளை இருந்தால் 1969-க்கு முன், நூற்கும் பெண் இருந்தால் அதற்குப் பின். ராஜாஜி 1959-ல் தொடங்கிய சுதந்திராக் கட்சிக்கு நட்சத்திரம். அந்தக் கட்சியே 1974-ல் இல்லாமல் போனதால் அதன் பொருட்கள் எல்லாம் அந்தப் பதினைந்து வருடத்துக்குள் அடங்கும். கதிர் அரிவாள் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி. சுத்தியல் அரிவாள் நட்சத்திரம் 1964 பிளவுக்குப் பின் வந்த மார்க்சிஸ்ட் கட்சி. சக்கரத்துக்குள் ஏர் உழவன் என்றால் 1977-ல் உருவான ஜனதா.

திமுக 1949-ல் தொடங்கினாலும் 1957-ல்தான் சட்டமன்றத் தேர்தலில் நின்றது, அதுவும் வேட்பாளர்கள் கணக்கில் சுயேச்சைகளாக. உதயசூரியன் கட்சியின் சின்னமாக உறுதியானது 1958-ல். கருப்பு சிவப்புக் கொடி மட்டும் இருந்து சூரியன் இல்லாத பேட்ஜ் அந்த முதல் பத்து வருடத்தைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்புண்டு. பிற்காலத்திலும் கொடி மட்டும் போட்டு பேட்ஜ் செய்திருக்கிறார்கள் என்பதால் உலோகத்தையும் பின்னையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதிமுக 1972 அக்டோபரில் தொடங்கியது. இரட்டை இலை 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் வந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தவை 1989 ஜனவரித் தேர்தல் பேட்ஜ்கள். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் கட்சி இரண்டாகி இரட்டை இலை முடங்கியது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. சில வாரங்களில் அணிகள் இணைந்து இலை திரும்பி வந்துவிட்டது. ஜெயலலிதா படத்தோடு சேவல் இருக்கும் பேட்ஜைப் பார்த்தால் எந்த மாதம் என்பதுவரை சொல்லிவிடலாம். தகரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்த அந்த பேட்ஜ்களை அப்போது குப்பையில் போட்டார்கள். இன்றைக்கும் மலிவாகக் கிடைக்கும், கிடைத்தால் விடாதீர்கள்.

மாநாட்டு பேட்ஜ்கள்?

காங்கிரஸ் மகாசபை சென்னையில் 1887, 1894, 1898, 1903, 1908, 1914, 1927 ஆண்டுகளில் கூடியது, 1955-ல் ஆவடியில். இந்த ஆண்டுகளில் ஒன்று அச்சாகியிருந்தால் அந்தப் பொருளை ஆராய ஒரு பிடி கிடைக்கும். பட்டு ரிப்பன் மடிப்புகளில் நொறுங்கிப் போயிருக்கும்; அதை இஸ்திரி போட்டு நிமிர்த்த நினைக்காதீர்கள்.

பழைய கருப்புச் சட்டைக்கு மதிப்பு உண்டா?

கருஞ்சட்டைப் படையை 1945-ல் பெரியார் அமைத்தார். 1946-ல் மதுரையில் நடந்த கருஞ்சட்டை மாநாட்டுப் பந்தல் கொளுத்தப்பட்டது. 1948 மார்ச்சில் அரசு அந்தப் படையைத் தடை செய்தது. ஒரு நிறத்துச் சட்டை போட்டதற்காக ஆட்கள் துரத்தப்பட்ட காலம் அது. அதனால் அந்தக் காலச் சட்டை ஒன்று உண்மையாகவே கிடைத்தால் அதற்கு ஈடு சொல்ல முடியாது. ஆனால் கருப்புச் சட்டையில் சின்னம் எதுவும் இருக்காது. குடும்பத்தின் வாய்மொழியும் புகைப்படமும் இல்லாமல் கடையில் விற்கும் ‘பெரியார் தொண்டர் சட்டை’யை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

கரைவேட்டி எல்லாம் சேகரிக்கத் தகுந்ததா? இன்றும் கடையில் தொங்குகிறதே?

இன்று தொங்குவது நாளைக்குக் கிடைக்காது என்பதால்தான் சேகரிக்க வேண்டும். கருப்பு சிவப்புக் கரை, நடுவில் வெள்ளை ஓடும் கருப்பு வெள்ளை சிவப்புக் கரை, மூவர்ணக் கரை என்று ஒரு மனிதரின் கட்சியை எதிரே வருகிறவர் தூரத்திலேயே தெரிந்துகொள்ளும் உடை வழக்கம் இந்த அளவுக்கு வேறெங்கும் இருப்பதாக நான் பார்த்ததில்லை. ஆனால் வேட்டி கிழிந்ததும் துடைக்கும் துணியாகிவிடுகிறது, அதனால்தான் ஐம்பது வருடப் பழைய கரைவேட்டி கிடைப்பது கடினம்.

பார்க்க வேண்டியவை: கரை நெய்ததா அச்சடித்ததா, கைத்தறியா விசைத்தறியா, கரையின் அகலம், சாயம் ஓடியிருக்கிறதா. வேட்டியில் கூட்டுறவுச் சங்க முத்திரையோ கடைச் சீட்டோ ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். கட்டாமல் மடித்தபடியே இருக்கும் வேட்டியைவிட, இடுப்பு மடிப்பில் தேய்ந்து, வெற்றிலைக் கறையோடு இருக்கும் வேட்டிக்கு நான் முதலிடம் கொடுப்பேன். ஒருவர் அதைக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போயிருக்கிறார்.

இந்திய தேசிய ராணுவப் பொருட்கள் என்று விற்கிறார்களே, நம்பலாமா?

மிகுந்த சந்தேகத்தோடு அணுகுங்கள். இந்தத் துறையில் போலிகள் அதிகம் புழங்குவது இங்கேதான். நேதாஜி ஜெர்மனியில் இருந்தபோது 1942-ல் நிறுவிய ஆசாத் ஹிந்த் பதக்கங்கள் வியன்னாவில் செய்யப்பட்டவை. போருக்குப் பிறகும் சேகரிப்பாளர்களுக்காக அதே வார்ப்பில் அடித்து விற்றார்கள். அதனால் ‘அசல் அச்சு’ என்பதே ஆதாரமாகாது. பாயும் புலி ஐரோப்பாவில் நேதாஜி அமைத்த இந்தியப் படைப்பிரிவின் சின்னம். தென்கிழக்கு ஆசியாவில் நேதாஜியின் தற்காலிக அரசு ராட்டை போட்ட மூவர்ணத்தைப் பயன்படுத்தியது. பர்மாவில் சண்டையிட்ட தாத்தாவின் பொருள் என்று புலி பேட்ஜைக் காட்டினால் கேள்வி கேளுங்கள்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் பலர் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்ப் பெண்கள். படைக்குத் தலைமை தாங்கிய லட்சுமி சென்னையைச் சேர்ந்தவர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும், அங்கிருந்து ஊர் திரும்பிய குடும்பங்களிலும் தொப்பி, தோள்பட்டைத் துணி, ஊக்கு என்று ஏதாவது இருக்கக்கூடும். அங்கே தேடுவது, இணையத்தில் பதக்கம் வாங்குவதைவிட எவ்வளவோ பயனுள்ளது.

சுதந்திரப் போராட்ட கால நகைகள் ஏன் இவ்வளவு குறைவாகக் கிடைக்கின்றன?

நகையைக் கழற்றுவதுதான் அந்த இயக்கத்தின் அடையாளமாக இருந்தது. காந்தி போன இடமெல்லாம் பெண்களிடம் நகை கேட்டார், வாங்கியதை அங்கேயே ஏலம் விட்டு நிதி சேர்த்தார். 1934 ஜனவரியில் கேரளத்து வடகரையில் கௌமுதி என்ற பதினாறு வயதுப் பெண் தன் வளையல், சங்கிலி, கம்மல் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தார். இனி நகை அணிய மாட்டேன் என்று அவர் சொன்னதைக் காந்தி தன் ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். கோலாலம்பூரில் நேதாஜியின் பேச்சைக் கேட்ட ஜானகி தேவர் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். 1962 சீனப் போரின்போதும் பாதுகாப்பு நிதிக்கு ஊர் ஊராகத் தங்கம் போனது. அப்படிப் போனவை உருக்கப்பட்டுவிட்டன.

வீட்டில் யாராவது ‘பாட்டி காந்திக்கு வளையல் கொடுத்தாள்’ என்று சொன்னால் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நன்கொடை ரசீதோ, வளையலோடு எடுத்த பழைய படமோ இருந்தால் அதுவே சேகரிப்பில் இடம்பெறத் தகுந்தது. என் கண்ணில் ஒரு ரசீதுக்கு நகைக்குரிய மரியாதை உண்டு.

காசுமாலை, காசு டாலர் எல்லாம் இதில் வருமா?

வரும். ஆங்கிலேய ராஜா ராணியின் தலை பொறித்த பவுனையும் ரூபாயையும் கழுத்தில் கோத்துப் போட்டுக்கொண்டது அரசியல் விசுவாசத்தால் அல்ல, உலோகத்தின் மீதிருந்த நம்பிக்கையால். ஆனாலும் அந்த முகங்கள் நகையின் காலத்தைச் சொல்கின்றன. விக்டோரியா ரூபாயில் ‘ராணி’ என்றிருந்தால் 1877-க்கு முன், ‘பேரரசி’ என்றிருந்தால் அந்த வருடமோ அதற்குப் பிறகோ. 1939 வரையிலான வெள்ளி ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் பாதிதான். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, நிக்கல். 1911-ன் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்தது, மறு வருடமே மாற்றி அடித்தார்கள். அந்தக் காசு வைத்த டாலர் கிடைத்தால் நல்லது.

சுதந்திரத்துக்குப் பின், 1964 நேரு நினைவு ரூபாயும் 1969 காந்தி நூற்றாண்டுக் காசுகளும் நகையாகியிருக்கின்றன. காந்தி படம் போட்ட இருபது பைசா பொன்னிறமாக இருப்பதால் மோதிரமாகச் செய்து போட்டவர்கள் உண்டு. அது அலுமினியமும் செம்பும் கலந்த உலோகம். பத்து ரூபாய்க் காசில்தான் 80 சதவீதம் வெள்ளி.

காலம் சொல்ல இன்னொரு சிறு தடயம்: 1963 தங்கக் கட்டுப்பாட்டில் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாதென்று விதித்து, 1966-ல் தளர்த்தினார்கள். 14 காரட் முத்திரையோடு தலைவர் மோதிரம் இருந்தால் அந்த இடைவெளியைச் சேர்ந்ததா என்று யோசிக்கலாம்.

‘இது தலைவரே அணிந்தது’ என்கிறார்கள். எப்படி நம்புவது?

ஆதாரத்தைக் கேளுங்கள். ஆதாரம் என்றால் அந்த நாளில் எடுத்த படம், கடிதம், செய்தித்தாள் குறிப்பு, அல்லது பொருள் கைமாறிய வழியை ஒவ்வொரு ஆளாகச் சொல்லும் எழுத்து. 1959 சென்னை மாநகராட்சித் தேர்தல் வெற்றிக்காக அண்ணா கருணாநிதிக்கு மேடையில் அணிவித்த மோதிரம் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அது கூட்டத்தின் நடுவே நடந்தது. அதே எடையில் அதே ஆசாரி செய்த இன்னொரு மோதிரத்தை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

2020-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஓர் ஏல நிறுவனத்தின் அஞ்சல் பெட்டிக்குள் ஒருவர் உறையில் போட்டுச் சென்ற மூக்குக்கண்ணாடி காந்தியுடையது என்று 2,60,000 பவுண்டுக்குப் போனது. குடும்பத்தில் ஒருவர் தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்த காலத்தில் கிடைத்தது என்ற தகவலை வரலாற்றோடு ஒப்பிட முடிந்ததால்தான் அந்த விலை. வாய்ச்சொல் மட்டும் இருந்தால் சாதாரணப் பொருளின் விலைதான் கொடுக்க வேண்டும்.

சட்டச் சிக்கல் ஏதாவது வருமா?

மூன்று விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தேசியக் கொடியை இடுப்புக்குக் கீழே அணியும் உடையாகப் பயன்படுத்துவதும், உள்ளாடை, கைக்குட்டை, உடைத் துணி போன்றவற்றில் அச்சடிப்பதும் பூவேலை செய்வதும் 1971-ன் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கொடி அச்சிட்ட பழைய கைக்குட்டையைச் சேகரிப்பில் மரியாதையோடு வையுங்கள். அதைப் பார்த்துப் புதிதாக அச்சடித்து விற்கக் கிளம்பாதீர்கள். அடுத்து, 1972-ன் தொல்பொருள் சட்டம்: நூறு வயது கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 1920-களின் தொடக்கத்துக் கதர் இப்போது அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்புவதற்கு முன் தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது, யானைத் தந்தத்தில் செய்த உருவப் பதக்கம், பொத்தான் எதையும் வாங்காதீர்கள், விற்காதீர்கள்.

விடுதலைப் புலிகள் இயக்கம் 1992 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதன் சின்னம் பொறித்த பொருள் குடும்ப நினைவாக யாரிடமாவது இருக்கலாம். அதை வாங்கவோ விற்கவோ காட்சிக்கு வைக்கவோ நினைத்தால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

பழைய கதரைத் துவைக்கலாமா?

முதலில் கறையைப் பாருங்கள். மதுரை காந்தி அருங்காட்சியகத்தில் காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி இரத்தக் கறையோடு இருக்கிறது. அதைத் துவைத்திருந்தால் அது வெறும் துணி. உங்கள் தாத்தாவின் சட்டையில் இருப்பது தடியடியின் கறையா சாம்பார்க் கறையா என்று தெரியும்வரை தண்ணீரில் போடாதீர்கள்.

கறைக்கு முக்கியத்துவம் இல்லை, துணியில் வலு இருக்கிறது, சாயம் ஓடவில்லை என்று உறுதியானால் பிழியாமல், முறுக்காமல், வெறும் நல்ல தண்ணீரில் அலசி, விரித்த வெள்ளைத் துணிமேல் நிழலில் பரப்பிக் காய வைக்கலாம். கஞ்சி போட்ட துணியை மட்டும் கட்டாயம் அலசி எடுத்து வையுங்கள். கஞ்சிதான் ராமபாணப் பூச்சியையும் கரப்பானையும் கூப்பிடும். நீலம் போடாதீர்கள், இஸ்திரி வேண்டாம்.

வைக்கும்போது மெருகு போன பழைய மல் துணியைத் துவைத்து அதில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பை நம் ஊர் ஈரத்துக்கு ஆகாது, உள்ளே பூஞ்சை பிடிக்கும். வேப்பிலை, வசம்பு போடுவதானால் தனி முடிச்சாகக் கட்டிப் பெட்டியின் மூலையில் போடுங்கள். துணியில் நேரடியாகப் பட்டால் கறை விழும். மடிப்பு ஒரே இடத்தில் இருந்தால் அங்கேதான் இற்றுப்போகும், அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜைக் கழற்றி வைக்க வேண்டும், இல்லையென்றால் துரு துணியைத் தின்றுவிடும். கழற்றுவதற்கு முன் எந்த இடத்தில் குத்தியிருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட்ஜையும் நகையையும் எப்படிச் சுத்தம் செய்வது?

பெரும்பாலும் செய்யாமல் இருப்பதே நல்லது. புளி, சாம்பல், பல்பொடி போட்டுத் தேய்த்தால் வெள்ளி பளபளக்கும், அதோடு எழுத்தும் முகமும் தேய்ந்து போகும். எனாமல் பூசியதைத் தண்ணீரில் ஊற வைத்தால் வர்ணம் கழன்று வரும். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். பழைய செல்லுலாய்டு பேட்ஜில் கற்பூர வாசனை வரும், அந்தப் பொருளிலேயே கற்பூரம் உண்டு. அது எளிதில் தீப்பிடிக்கும்; பூஜையறைப் பக்கம் வைக்காதீர்கள், காற்றோட்டமான இடத்தில் மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

எனக்குப் பிடிக்காத கட்சியின் பொருளையும் சேர்க்க வேண்டுமா?

சேருங்கள். ஒரு தேர்தலின் ஒரு பக்கத்தை மட்டும் வைத்திருந்தால் அது பக்தி, சேகரிப்பு ஆகாது. 1971-ஐ எடுத்துக்கொண்டால் உதயசூரியன், நூற்கும் பெண், பசுவும் கன்றும் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போதுதான் அந்த வருடம் ஒரு தெரு எப்படி இருந்திருக்கும் என்பது புரிகிறது. விற்பவரிடமும் பேதம் காட்டாமல் பேசுங்கள். அவர் அப்பா உயிராக வைத்திருந்த பேட்ஜ் அது.

என் பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம் இல்லை. எனக்குப் பிறகு என்ன ஆகும்?

இப்போதே ஒரு பதிவேடு போடுங்கள். கணினியில் வேண்டாம் என்றில்லை, ஆனால் கையால் எழுதிய நோட்டு ஒன்றும் பொருட்களோடு அதே பெட்டியில் இருக்கட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அந்த எண்ணைப் பென்சிலால் எழுதிய சிறு துணிச் சீட்டைப் பொருளோடு நூலால் கட்டுங்கள், பசையும் பேனா மையும் வேண்டாம். பதிவேட்டில் அணிந்தவர் பெயர், ஊர், எந்த நிகழ்ச்சிக்கு அணிந்தது, உங்களுக்குச் சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார், யாரிடம் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதை எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள்; ஊகத்தை ஊகம் என்று குறியுங்கள்.

பிறகு அருங்காட்சியகமோ ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறையோ இதை எடுத்துக்கொள்ளுமா என்று உயிரோடு இருக்கும்போதே போய்க் கேளுங்கள். எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் முழுப் பட்டியலோடு கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள், பதிவேட்டின் ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கட்டும். விற்பதாக இருந்தால் ஒரே குடும்பத்தின் பொருட்களைப் பிரித்து விற்காதீர்கள்: சட்டை, குல்லாய், சிறைக் கடிதம், புகைப்படம் நான்கும் ஒரே கைக்குப் போகட்டும்.